பாலத் தெருவின் கிளாஸ் வீடு

எங்கள் பாலத் தெருவை யாராவது குறை சொன்னால் எனக்குப் பொறுக்காது. நான் சொல்லலாம், அது வேறு விஷயம். இங்கேயே பிறந்து, இங்கேயே கல்யாணம் கட்டி, இந்தத் தெருவுக்கே மீனும் சிப்ஸும் பொரித்துப் போட்டுக்கொண்டிருப்பவள் நான். தெருவின் ஒரு கோடியில் சந்தை மண்டபம் கல் தூண்களின் மேல் நிற்கிறது. அதன் கடிகாரம் நான்கு பக்கமும் நான்கு நேரம் காட்டும். யாருக்கு எது வசதியோ அதைப் பார்த்துக்கொள்வோம். நடுவில் சாலேம் தேவாலயம். இப்போது அதில் கம்பளம் விற்கிறார்கள். கடைக்காரன் விலை சொல்லும்போது மட்டும் தன்னையறியாமல் குரலைத் தாழ்த்திக்கொள்கிறான், அந்த மட்டும் இன்னும் பயம் இருக்கிறது. மறுகோடியில் மூன்று வளைவு வைத்த பழைய பாலம். வருஷத்துக்கு ஒரு லாரியாவது அதில் மாட்டிக்கொள்ளும். அன்றைக்குத் தெருவே கூடி நின்று டிரைவருக்கு யோசனை சொல்லும். இப்படி ஒரு தெரு வேல்ஸ் முழுக்கத் தேடினாலும் கிடைக்காது என்பேன் நான். "நீ எந்த ஊரைப் பார்த்தே?" என்பார் என் புருஷன் எம்ரிஸ். பார்க்க வேண்டிய அவசியம் என்ன வந்தது?

எங்கள் கடையும் வீடும் ஒன்றுதான். தெருவில் மற்றதெல்லாம் வெள்ளையும் மஞ்சளும் ரோஜா நிறமுமாகச் சுண்ணாம்பு பூசிக்கொண்டு நிற்க, எங்கள் வீட்டின் முகம் மட்டும் தலை முதல் கால் வரை சிலேட்டுக் கல். மீன் செதில் மாதிரி ஒன்றின் மேல் ஒன்றாக, சுவர் தெரியாமல் ஆணியடித்துப் பதித்த சிலேட்டு. மேலே மலையில் இருக்கிற குவாரியிலிருந்து வந்தது. ரயில் புகையும், தெருவில் இருக்கிற அத்தனை அடுப்புப் புகையும், பிற்காலத்தில் எங்கள் எண்ணெய்ப் புகையும் சேர்ந்து அதைக் கன்னங்கரேல் என்று ஆக்கியிருந்தன. ஊரில் அதற்குக் கரி வீடு என்றே பெயர். பெயர் எனக்குப் பிடிக்காது. வீடு பிடிக்கும்.

அந்தச் சிலேட்டில் ஒன்று, போன வசந்தத்தில், ஆணி துருப்பிடித்துக் கழன்று தெருவில் விழுந்தது. அதுவும் தபால்காரி டெக்வென் காலடியில். அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை; ஆனால் அன்றைக்கு அந்தக் கதையை வீடு வீடாகத் தபாலோடு சேர்த்துக் கொடுத்துவிட்டுப் போனாள். கடைசி வீட்டுக்குப் போய்ச் சேரும்போது அவள் செத்துப் பிழைத்திருந்தாள். மறு வாரம் மாவட்ட அலுவலகத்திலிருந்து ஹெலெத் என்ற பெண் வந்து நின்றாள். பழைய கட்டடங்களுக்கு அவள்தான் அதிகாரி. மஞ்சள் மழைக்கோட்டு, தலையில் தொப்பி, பார்க்க நல்ல பிள்ளைதான்.

"மிசஸ் ஓவன், இதை இப்படியே விட முடியாதுங்க. அடுத்தது யார் தலையிலயாவது விழுந்துட்டா?"

"நெஸ்டான்னே கூப்பிடும்மா, மிசஸ் ஓவன்னா என் மாமியார் ஞாபகம் வருது. நூறு வருஷத்துக்கு மேல நிக்கிற சுவரு. அதுல ஒண்ணே ஒண்ணு விழுந்துச்சு. உன் பல்லு அத்தனை நாள் நிக்குமா?"

அவள் சிரித்துவிட்டாள். சிரித்துக்கொண்டே, சொல்ல வந்ததையும் சொன்னாள்.

"எனக்கும் ஆசைதாங்க. இந்த வீட்டுக்கு ஏதாவது வரலாறு இருந்தாச் சொல்லுங்க. யாராவது பெரிய ஆளு பொறந்தாங்க, ஏதாவது பெருசா நடந்துச்சு, ஏதாவது ஒண்ணு. அப்போ பாதுகாக்க வேண்டிய கட்டடம்னு சேர்த்துரலாம். ஒவ்வொரு சிலேட்டாக் கழட்டி, திரும்ப அங்கேயே பதிக்க நாங்களே ஆள் விடுவோம். அப்படி ஒண்ணுமில்லன்னா, மொத்தத்தையும் உரிச்சு எடுத்துட்டு சிமெண்டு பூசத்தான் வேணும்."

"வாராவாரம் இந்த ஊருக்கே மீன் பொரிச்சுப் போட்டிருக்கோம். அது வரலாறு இல்லையா?"

"என் தலைவர் ஒத்துக்க மாட்டாருங்க."

சிமெண்டு! பாலத் தெருவில், சந்தை மண்டபத்துக்கும் சாலேமுக்கும் நடுவே, பஸ் நிலையத்துக் கழிப்பறை மாதிரி ஒரு சாம்பல் சுவர். அதற்குப் பின்னால் நான் நின்று மீன் பொரிக்க வேண்டும். எனக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை. எம்ரிஸ் சமாதானம் சொல்லிப் பார்த்தார். "உள்ள இருக்கிறவங்க நாம. முகம் எப்படி இருந்தா என்ன?" என்றார். இந்த மனுஷன் கண்ணாடி பார்க்காமல் சவரம் செய்கிறவர், அவரிடம் முகத்தைப் பற்றி என்ன பேசுவது?

வரலாறு என்று ஒன்று எங்கள் ஊருக்கு இல்லாமல் இல்லை. சொல்லப்போனால் அபெர்ஹெலிக் ஊரே அந்த ஒரு கதையை வைத்துத்தான் நிமிர்ந்து நடக்கிறது. முன்னொரு காலத்தில் குவாரி முதலாளி ஆட்களை வெளியே தள்ளிக் கதவை அடைத்துவிட்டான். ஆண்கள் கூட்டம் போட்டார்கள், தீர்மானம் போட்டார்கள், ஊர்வலம் போனார்கள். குளிர்காலம் வந்தது. வீட்டுக்கு வீடு அடுப்பு அணைந்தது. அப்போது பெண்கள் கூடினார்கள். ஆளுக்கு ஒரு கைப்பிடி கரி, ஒரு உருளைக்கிழங்கு, ஒரு வெங்காயம் என்று கொண்டுவந்து, ஒரே வீட்டில் ஒரே ஒரு பெரிய பானையை ஏற்றினார்கள். அந்தக் குளிர்காலம் முழுக்கப் பானை அடுப்பை விட்டு இறங்கவில்லை. ஊரில் ஒரு பிள்ளைகூடப் பசியோடு படுக்கவில்லை. முதலாளியின் வண்டிக்காரன் பிள்ளைக்கும் சேர்த்துத்தான் ஊற்றினார்கள். அந்த வீட்டுக்குப் பெயர் கிளாஸ் வீடு. இன்றைக்கும் என் வீட்டில் யாராவது மூன்றாவது தடவை தட்டை நீட்டினால், "இதென்ன கிளாஸ் வீட்டுப் பானையா?" என்றுதான் கேட்பேன்.

கிளாஸ் என்றதும் கண்ணாடியை நினைக்க வேண்டாம். அந்தத் தப்பை ஆங்கிலேயச் சுற்றுலாக்காரர்கள் செய்கிறார்கள், போதும். கிளாஸ் எங்கள் வெல்ஷ் பேச்சில் ஒரு நிறம். வானம் கிளாஸ். கடல் கிளாஸ். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு கிளாஸ் என்றால் நீலம் என்று சொல்லிக்கொடுக்கிறார்கள், அது சரிதான். ஆனால் புல்லும் கிளாஸ். நரைத்த குதிரையும் கிளாஸ். குளிரில் விறைத்த பிள்ளையின் உதடும் கிளாஸ்தான். நாங்கள் அதையெல்லாம் யோசித்துப் பேசுவதில்லை, நாக்கு தானாகச் சொல்லிவிடும்.

பாலத் தெருவில் கிளாஸ் வீடு எது என்பதில் யாருக்கும் சந்தேகமே இருந்ததில்லை. எங்கள் கடைக்கு நேர் எதிரே, கிவிலிம் பாரியின் தேநீர்க் கடை. சுவரெல்லாம் பளீரென்ற நீலம், புத்தம்புது விளையாட்டுச் சாமான் மாதிரி. கதவுக்கு மேலே வெள்ளை எழுத்தில் கிளாஸ் வீடு என்றே எழுதியிருக்கும். பாரி தேவாலயச் சபையின் மூப்பர். தேநீருக்குப் பால் வேண்டுமா என்று கேட்பதைக்கூடப் பிரசங்கம் மாதிரிக் கேட்பார். எங்கள் கடை வாசனை அவர் கேக்கில் ஏறிவிடுகிறது என்று அவருக்குத் தீராத வருத்தம். அவருடைய ஜெப முகத்தைப் பார்த்தாலே மீன் தீய்ந்துவிடுகிறது என்று எனக்கு.

சரி, வரலாறுதான் இல்லை, சுத்தமாவது இருக்கட்டும் என்று நான் ஏணியைச் சாத்தினேன். சிலேட்டு உறுதியாக இருக்கிறது, அழுக்குதான் பிரச்சினை என்று அந்தப் பெண்ணிடம் காட்டிவிடலாம் என்று ஒரு நப்பாசை. சோடா உப்பு, வெந்நீர், கம்பித் தூரிகை. எம்ரிஸ் கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டார். கடை திறக்கும் முன்னால் காலையில் கொஞ்சம், மத்தியானம் கூட்டம் ஓய்ந்ததும் கொஞ்சம் என்று அந்த வாரம் முழுக்கத் தேய்த்தேன். கறுப்புத் தண்ணீர் வாசலில் ஓடியது. தெருவே வேடிக்கை பார்த்தது.

"நெஸ்டா, அப்படியே என் புருஷனையும் கொஞ்சம் தேய்ச்சு விட்டுடேன்" என்று டெக்வென் கத்தினாள்.

"தேய்ச்சா ஒண்ணும் மிஞ்சாதுடி!"

பாரி தன் வாசலில் கைகட்டி நின்று பார்த்தார். பிறகு தெருவைக் கடந்து வந்தார்.

"மிசஸ் ஓவன், உங்க உழைப்பை நான் பாராட்டுறேன். ஆனா எதுக்கு இந்த வீண் சிரமம்? எப்படியும் சிமெண்டு பூசப் போறாங்களாமே."

"யாரு சொன்னா?"

"ஊர்ல பேசிக்கிறாங்க. சிமெண்டு ஒண்ணும் மோசமில்லை. மேல நல்ல வெளிர் நிறமா அடிச்சீங்கன்னா எங்க நீலத்துக்கு எடுப்பா இருக்கும்."

"உங்க நீலத்துக்கு எடுப்பா நான் எதுக்கு நிக்கணும், மிஸ்டர் பாரி? நான் என்ன உங்க கேக்குக்கு அடியில வைக்கிற தட்டா?"

எம்ரிஸ் ஏணிக்குக் கீழே இருமினார். பாரி தொப்பியைத் தொட்டுவிட்டுப் போய்விட்டார். கோபத்தில் நான் இன்னும் இரண்டு வரிசை கூடுதலாகத் தேய்த்தேன்.

தேய்த்து முடித்தபோது வீடு கரி வீடாக இல்லை. ஆனால் பிரமாதமாகவும் இல்லை. காய்ந்து போன சாம்பல் நிறத்தில், காய்ச்சலிலிருந்து எழுந்தவன் முகம் மாதிரி இருந்தது. ஹெலெத் வந்து பார்த்தாள், இரண்டு சிலேட்டைத் தட்டிப் பார்த்தாள், உதட்டைக் கடித்தாள். ஆணிகள் போய்விட்டன, அவள் என்ன செய்வாள்? திங்கட்கிழமை சாரம் கட்ட ஆட்கள் வருவார்கள் என்று சொல்லிவிட்டாள். "சனிக்கிழமை உங்க தெருவுல நடக்கிற விழாவுக்கு நானும் வர்றேன்" என்றும் சொன்னாள்.

அந்த விழா என்னவென்று தெரிந்தால் என் வயிறு எப்படி எரிந்திருக்கும் என்று உங்களுக்குப் புரியும். பானை ஏற்றிய பெண்களின் நினைவாக ஊர்ச் சபை ஒரு பித்தளைப் பலகை செய்திருந்தது. எங்கள் மொழியிலும் ஆங்கிலத்திலும் எழுதி, மேயர் கையால் திறந்து வைத்து, கிளாஸ் வீட்டுச் சுவரில் பதிப்பதாக ஏற்பாடு. அதாவது பாரி வீட்டுச் சுவரில். சனிக்கிழமை அவருக்குப் பித்தளை. திங்கட்கிழமை எனக்குச் சிமெண்டு.

"நான் போகப் போறதில்லை" என்றேன் எம்ரிஸிடம்.

"போகாம? நம்ம வாசல்லதானே கூட்டமே நிக்கப் போகுது."

அது உண்மை. பாரி வீட்டைப் பார்க்க வேண்டுமானால் ஊர் என் வாசலில்தான் நிற்க வேண்டும். போதாததற்கு, விழா முடிந்ததும் அத்தனை பேரும் சிப்ஸ் கேட்பார்கள். வயிற்றெரிச்சலை ஒரு பக்கம் வைத்துவிட்டு உருளைக்கிழங்கை வெட்டினேன். அந்தப் பெண்களுக்காகவாவது நிற்க வேண்டும் என்று மனசு சொன்னது. அவர்கள் மேல் எனக்கு எந்தக் கோபமும் கிடையாது.

நான் தேய்த்து முடித்த நாளிலிருந்து ஒரு துளி மழை இல்லை. எங்கள் ஊரில் அப்படி நடந்தால் ஆட்கள் ஒருவரையொருவர் சந்தேகமாகப் பார்க்க ஆரம்பித்துவிடுவார்கள். சனிக்கிழமை காலையில்தான் மலைக்குப் பின்னாலிருந்து மேகம் எட்டிப் பார்த்தது. எல்லோருக்கும் நிம்மதி.

தெருவை அடைத்துக் கூட்டம். பாரி வீட்டுச் சுவரில் பலகை, அதன் மேல் திரையாக வேல்ஸின் சிவப்பு டிராகன் கொடி. படியில் மேயர் கழுத்தில் பதவிச் சங்கிலியோடு நிற்க, பக்கத்தில் பாரி கறுப்புச் சூட்டில். பாடகர் குழு நான்கு குரலில் ஒரு பாட்டுப் பாடியது. பாடச் சொல்லாதவர்களும் பாடினார்கள், எங்களைத் தடுக்க முடியாது. நான் கடைசி வரிசையில், என் சொந்தப் படியில், ஏப்ரனோடு நின்றேன். கூட்டம் முழுக்க என் வீட்டுக்கு முதுகைக் காட்டி நின்றது. என் வீட்டைப் பார்த்து நின்றவர்கள் மேயரும் பாரியும்தான். மேயர் தன் காகிதத்தைப் படித்துக்கொண்டிருந்தார்.

பாரி பேச ஆரம்பித்தார். நன்றாகவே பேசினார், அதை நான் மறைக்க மாட்டேன். பெண்கள் கரி சுமந்து வந்ததைச் சொன்னார். வண்டிக்காரன் பிள்ளைக்கு ஊற்றியதைச் சொன்னபோது முன்வரிசையில் மூக்கை உறிஞ்சினார்கள். அப்போது மழை பிடித்தது. யாரும் அசையவில்லை. குடைகள் மட்டும் விரிந்தன. பாரி குரலை உயர்த்திக்கொண்டார்.

"அந்தத் தாய்மார்கள் மலையிலேர்ந்து இறங்கி வரும்போது, தூரத்துலேர்ந்தே இந்த வீடு அவங்களுக்குத் தெரியும். மழையில, பனியில, இந்தத் தெருவுலயே ஒரே ஒரு வீடுதான் கிளாஸா…"

நின்றுவிட்டார்.

முதலில் நாங்கள் அது பேச்சின் அழகுக்காக என்று நினைத்தோம். மூப்பர்கள் அப்படி நிறுத்துவது உண்டு. ஆனால் நிறுத்தம் நீண்டது. அவர் வாய் திறந்தபடி இருந்தது. கண் எங்கள் தலைகளுக்கு மேலே எங்கேயோ நிலைகுத்தி நின்றது.

"நெஞ்சு வலியா?" என்று யாரோ கிசுகிசுத்தார்கள்.

"மிஸ்டர் பாரி?" என்றார் மேயர்.

"திரும்பிப் பாருங்க" என்றார் பாரி. பிரசங்கக் குரல் போய், சாதாரண மனுஷக் குரலில் சொன்னார். "எல்லாரும் கொஞ்சம் பின்னால திரும்பிப் பாருங்க."

கூட்டம் குடைகளோடு இடித்துக்கொண்டு திரும்பியது. திரும்பிய அத்தனை முகமும் என்னையே பார்ப்பது மாதிரி இருந்தது. ஏப்ரனில் என்ன ஒட்டியிருக்கிறது என்று குனிந்து பார்த்தேன்.

"நெஸ்டா, இங்க வா!" டெக்வென் என் கையைப் பிடித்து இழுத்தாள். "அங்க நின்னா உனக்குத் தெரியாதுடி. இங்க வந்து பாரு!"

தெருவின் நடுவுக்குப் போய்த் திரும்பினேன்.

நான் எப்போதும் உள்ளே நிற்கிறவள். மழை பெய்தால் எல்லோரையும்போலத் தலையைக் குனிந்துகொண்டு ஓடி உள்ளே நுழைகிறவள். கரி ஏறாத என் வீட்டின் முகத்தை மழையில் நான் பார்த்ததே இல்லை. யாருமே பார்த்ததில்லை. காய்ந்த சாம்பல் நிறம் எங்கே போனதென்று தெரியவில்லை. மேலிருந்து கீழே வரை நனைந்த சிலேட்டு மின்னியது. நீலம், ஆனால் பெயிண்ட் நீலம் இல்லை. ஒன்றில் பச்சை ஓடியது, ஒன்றில் கத்திரிப்பூ நிறம், ஒன்றில் வெள்ளி. தினமும் என் கையில் புரள்கிற கானாங்கெளுத்தி மீனின் முதுகு, அதே நிறம். அதற்கு ஆங்கிலத்தில் ஒரு சொல் கிடையாது. எங்களிடம் இருக்கிறது. தெருவில் நின்ற அத்தனை பேர் வாயிலும் அது ஒரே நேரத்தில் வந்தது.

"கிளாஸ்."

யாரும் சத்தமாகச் சொல்லவில்லை. மூச்சு விடுவது மாதிரிச் சொன்னார்கள்.

மேயருக்குத்தான் சங்கடம். "பார்க்க அழகாத்தான் இருக்கு" என்றார். "ஆனா, பலகை இங்க மாட்டியாச்சு, பாட்டும் பாடியாச்சு. கிளாஸ் வீடு இதுதான்னு காலம் காலமா…"

"காலம் காலமா இல்லைங்க" என்றார் பாரி. படியை விட்டு இறங்கிவிட்டார். குடை இல்லை, மழை அவர் வழுக்கையில் விழுந்து ஓடியது. "இந்த நீலம் எங்க அப்பா அடிச்சது. எனக்கு அப்போ ஆறோ ஏழோ வயசு. கடற்கரையில ஒருத்தர் படகுக்கு அடிச்சு மிச்சமான பெயிண்டைக் குடுத்தாரு. குச்சியை விட்டுக் கலக்கினதே நான்தான். அதுக்கு முந்தி இது வெறும் சுண்ணாம்புச் சுவர். பாரி கடைன்னுதான் பேரு."

"அப்போ கிளாஸ் வீடுன்னு…"

"நீலமா இருந்துச்சு, கிளாஸ் வீடுன்னாங்க. எதிர் வீடு கரியா இருந்துச்சு, கரி வீடுன்னாங்க. பானைக் கதையில ஒரு கிளாஸ் வீடு இருந்துச்சு, வேற எங்க போகும்? நேரா எங்க வாசலுக்கு வந்துருச்சு. நானும் இத்தனை வருஷமா இந்தப் பெயிண்டையும் அந்தக் கதையையும் தெரிஞ்சுக்கிட்டே, ஒண்ணா வெச்சு யோசிக்கவே இல்லை." அவர் தன் கடையைத் திரும்பிப் பார்த்தார். "அது போகட்டும். ஊருக்கே காய்ச்சுற பானையை இங்க எங்க ஏத்தியிருப்பாங்க? எங்க வீட்டு அடுப்புக் குழியில ஒரு கெட்டில் வைக்கிறதுக்கே நானும் என் சம்சாரமும் சண்டை போடுறோம்."

அவர் மனைவி குடைக்குள்ளிருந்து, "ஆமா, அது மட்டும் சத்தியம்" என்றாள். கூட்டம் சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. இந்த மனுஷன் என்ன செய்துகொண்டிருக்கிறார் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஊர் முழுக்க நிற்க, மேயர் பக்கத்தில் நிற்க, தன் வீட்டுப் பெயர் எழுதிய பெருமையைத் தானே சுவரிலிருந்து பிடுங்கிக்கொண்டிருக்கிறார். யாரும் அவரைக் கேட்கவில்லை. பேச்சை முடித்துக் கொடியை இழுத்திருந்தால் எல்லோரும் கைதட்டிவிட்டுச் சிப்ஸ் வாங்கப் போயிருப்போம்.

"நான் ஒண்ணும் உங்களைக் கேக்கலையே, மிஸ்டர் பாரி" என்றேன். "என் வீடுதான்னு நான் சொல்லவே இல்லையே."

"நீ கேக்கலை, நெஸ்டா" என்றார் அவர். எத்தனை வருஷ எதிர் வீடு. அன்றைக்குத்தான் முதல் தடவையாக என்னை நீ என்றார். "அந்தப் பொம்பளைங்க கேக்குறாங்க. அவங்க பேரைத் தப்பான சுவத்துல மாட்டிட்டு நான் எப்படித் தினம் கதவைத் திறப்பேன்?"

கூட்டத்தை விலக்கிக்கொண்டு மஞ்சள் மழைக்கோட்டு வந்தது. ஹெலெத்தின் மூக்கு நுனியிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"உங்க அடுப்பு எப்படிங்க?" என்று என்னைக் கேட்டாள்.

"எது, மீன் பொரிக்கிறதா?"

"இல்லைங்க, பழைய அடுப்பு. வீட்டோட இருக்கிறது."

கடையைத் தாண்டிப் பின்கட்டுக்கு அழைத்துப் போனேன். பாரியும் வந்தார், மேயரும் வந்தார், வழி நெடுக ஊரும் வந்தது. அங்கே எங்கள் உருளைக்கிழங்கு மூட்டைகளை அடுக்கி வைக்கிற ஒரு பெரிய கல் அடுப்பு மாடம். மூட்டை வைக்க வசதியான இடம் என்பதற்கு மேல் நான் அதைப் பற்றி எதுவும் நினைத்தது கிடையாது. எம்ரிஸும் இன்னும் நாலு பேருமாக மூட்டைகளை இழுத்துப் போட்டார்கள். ஹெலெத் அதற்குள்ளே போய், குனியாமல், நிமிர்ந்து நின்றாள். நின்றவள் தலையை உயர்த்தி மேலே பார்த்தாள். புகைக்கூண்டு வழியாக மழை நேராக அவள் முகத்தில் விழுந்தது. அவள் தலைக்கு மேலே, கல்லில் பதித்த இரும்புக் கொக்கி ஒன்று தொங்கியது; ஒரு கன்றுக்குட்டியையே மாட்டலாம், அவ்வளவு தடிமன். உள்சுவர்க் கல் முழுக்க நெருப்புத் தின்று செவ்வண்ணமாக வெந்து கிடந்தது.

ஹெலெத் அந்தக் கல்லை உள்ளங்கையால் தடவினாள்.

"இதைவிடப் பெரிய அடுப்பு இந்தத் தெருவுல வேற எங்கயாவது இருக்கா?" என்று கேட்டாள்.

இல்லை என்று கூட்டம் சொன்னது. ஒவ்வொருவருக்கும் மற்றவர் வீட்டுச் சமையலறை அத்துப்படி, அதில் பொய் சொல்ல முடியாது.

"மிசஸ் ஓவன்… நெஸ்டா. திங்கட்கிழமை சிமெண்டு ஆளுங்க வர மாட்டாங்க. என் தலைவரை நான் பார்த்துக்கிறேன். மீதி விசாரணையெல்லாம் நடக்கும், நடக்கட்டும். சிலேட்டைத் தொட மட்டும் யாரையும் விட மாட்டேன். தொட்டா, திரும்பப் பதிக்கிறதுக்கு மட்டும்தான்."

நான் அழுதேன். மறைக்க என்ன இருக்கிறது? பின்கட்டில், உருளைக்கிழங்கு மூட்டைக்கு நடுவில், ஏப்ரனால் முகத்தை மூடிக்கொண்டு அழுதேன். வீடு தப்பித்தது என்று மட்டும் இல்லை. பொழுது விடிந்தால் நான் நின்று ஊருக்குச் சமைக்கிற அதே சுவர்களுக்குள் அவர்களும் நின்று சமைத்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். முகம் தெரியாத அந்தப் பெண்கள் எனக்கு யாருமில்லை; ஆனாலும் என் உடம்பெல்லாம் பெருமையாக இருந்தது. எம்ரிஸ் என் தோளைத் தட்டினார். "எண்ணெய் காயுதும்மா" என்றார். அவருக்குத் தெரிந்த ஆறுதல் அதுதான்.

வெளியே பாரி ஒரு திருப்புளியைத் தேடிப் பிடித்திருந்தார். தன் படியில் ஏறி, பலகையைத் தானே கழற்றினார். வேறு யாரையும் தொட விடவில்லை. கொடியோடு சேர்த்து நெஞ்சில் அணைத்துக்கொண்டு தெருவைக் கடந்தார். பாலத்துப் பக்கமிருந்து வந்த லாரி ஒன்று நின்றுவிட்டது. டிரைவர் எதற்கென்று தெரியாமலே தொப்பியைக் கழற்றினான். சவ ஊர்வலம் என்று நினைத்திருப்பான் போல. பாடகர் குழு மறுபடியும் பாடியது. என் கதவுக்குப் பக்கத்தில், சிலேட்டு இல்லாத கல் நிலையில், பாரி திருகினார், நான் பலகையைப் பிடித்துக்கொண்டேன். மேயர் ஒருவழியாகக் கொடியை இழுத்தார்.

பிறகு பாரி தன் கடைப் பெயரையும் மாற்றிவிட்டார். இப்போது பாரி கடை என்றுதான் எழுதியிருக்கிறது. சுவர் நீலமாகவே இருக்கட்டும் என்று நான்தான் சொன்னேன். தெருவுக்கு அதுவும் வேண்டும். என் வாசனை இன்னும் அவர் கேக்கில் ஏறத்தான் செய்கிறது. அதைப் பற்றி இன்னும் சண்டை போடுகிறோம், நீ நான் என்று.

பலகையில் மட்டும் ஒரு சிக்கல். எங்கள் மொழியில் கிளாஸ் வீடு என்று சரியாக இருக்கிறது. ஆங்கிலத்தில் நீல வீடு என்று அடித்துவிட்டார்கள். அதை மாற்றலாமா என்று ஊர்ச் சபை கேட்டது. வேண்டாம் என்றுவிட்டேன். வெயில் நாளில் வருகிற சுற்றுலாக்காரர்கள் பலகையைப் படிக்கிறார்கள், அண்ணாந்து சாம்பல் சிலேட்டைப் பார்க்கிறார்கள், எதிரே பாரி கடையைப் பார்க்கிறார்கள், மறுபடி பலகையைப் பார்க்கிறார்கள். பிறகு உள்ளே வந்து, தப்பான வீட்டில் மாட்டியிருக்கிறீர்களே, இதில் நீலம் எங்கே இருக்கிறது என்று என்னிடமே கேட்கிறார்கள்.

நான் சூடாக ஒரு பொட்டலம் சிப்ஸைக் கட்டிக் கையில் கொடுப்பேன்.

"வாசல்ல நின்னு சாப்பிட்டுக்கிட்டே இருங்க" என்பேன். "மழை வரட்டும். எங்க ஊர்ல ரொம்ப நேரம் காத்திருக்க வேண்டியிருக்காது."